மூக்குக்கு நேரே ஓர் அக்குள்

சலூன் தொழிலில் வாடிக்கையாளரின் மூக்கும் நம்முடைய அக்குளும் ஒரே உயரத்தில் இருக்கும். வேறு எந்தத் தொழிலிலும் இந்தச் சங்கடம் கிடையாது. ஆபீஸ்காரருக்கு நடுவில் ஒரு மேஜையாவது உண்டு. தையல்காரர் அளவெடுத்ததும் தள்ளிப் போய்விடுவார். நாங்கள்தான் அரைமணி நேரம் கையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முகத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறோம். அவரோ கழுத்தில் துணி கட்டப்பட்டு, எழுந்து ஓட வழியில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

எண்பதுகளின் கடைசியில் தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு மூன்று நாற்காலி சலூனில் வேலை பார்த்தேன். முதல் நாற்காலி முதலாளி நடராஜன் அண்ணனுக்கு. இரண்டாவது தேவராஜுக்கு. மூன்றாவது எனக்கு. எனக்கு வியர்வை கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். மற்றவர்கள் வேறு சொல்வார்கள். சக வியர்வையாளர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வியர்க்காத பாக்கியசாலிகள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம்.

மூச்சைப் பிடித்தவர்

முடி வெட்டும்போது ஃபேன் போடக் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். போட்டால் வெட்டிய முடியெல்லாம் பறந்து, பக்கத்து நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவர் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மே மாத வெயிலிலும் ஃபேன் தலைக்கு மேல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேறு. பத்து மணிக்கு மேல் எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிடும்.

ராகவன் சார் பக்கத்து ஸ்டேஷனான சானடோரியத்தில் குடியிருந்தார். தினமும் எலெக்ட்ரிக் ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போய் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு வருபவர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். அவருக்கு முடி வெட்டும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்தேன். காதோரம் வெட்டினால் கன்னத்தை உப்பிக்கொள்வார். உச்சிக்குப் போனால் புஸ்ஸென்று விடுவார். ஏதோ மூச்சுப் பயிற்சி போலிருக்கிறது, படித்தவர்கள் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “என்ன சார், யோகாவா?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து மிகவும் சங்கடப்பட்டார்.

“கோச்சுக்காதப்பா. நீ சைடு வெட்டும்போது மூச்சைப் பிடிச்சிக்கிறேன், மேல வெட்டும்போது விட்டுக்கிறேன். கொஞ்சம் சீக்கிரமா மேல வந்துடேன்.”

காலி நாற்காலி

அதற்குப் பிறகுதான் எனக்குக் கண் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும். என் நாற்காலி காலியாக இருக்கும். “வாங்க சார்” என்று துணியை உதறுவேன். “பரவாயில்ல, தேவராஜ் முடிக்கட்டும்” என்று பழைய பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். அதுவரை தேவராஜ் நன்றாகப் பேசுகிறவன், அதனால்தான் கூட்டம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவன் பேசவே மாட்டான். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. நடராஜன் அண்ணன் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இன்னொரு கடை பார்த்திருந்தார். தீபாவளி முடிந்ததும் திறப்பதாக ஏற்பாடு. எங்கள் இருவரில் ஒருவனிடம் பொறுப்பைக் கொடுப்பார். கடைக்கு மேலே ஓர் அறை. பொறுப்பாளன் அதில் குடியிருந்துகொள்ளலாம். நானும் என் மனைவி வசந்தியும் பெருங்களத்தூரில் அவள் அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷம். அந்த அறையை வசந்தி ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் கடை விடுமுறையன்று, என்னோடு வந்து பார்த்துவிட்டாள். ஜன்னலோரம் ஸ்டவ் வைக்கலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டாள். அந்த அறை எங்களுக்குக் கிடைக்குமா என்று அண்ணனிடம் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்.

“உன் கையில கொறையே இல்ல சேகரு. கைக்குக் கீழதான். தீபாவளி வரைக்கும் பாக்கறேன்.”

துபாய் உருண்டை

சுலைமான் பாய் துபாயில் ஏ.சி. மெக்கானிக். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த மறுநாளே எங்கள் கடைக்கு வந்து தலையைக் கொடுப்பார். அந்த ஆனி மாதம் வந்தபோது மூன்றாவது நாற்காலிதான் காலி. உட்கார்ந்தார். பாதி வெட்டும்போதே என்னைப் பார்த்துச் சிரித்தார். சாயங்காலம் திரும்பி வந்து, யாருக்கும் தெரியாமல் என் கையில் ஒரு குட்டிப் பாட்டிலைத் திணித்தார். தலையில் கோலிக்குண்டு போல் ஓர் உருண்டை. குளித்துவிட்டு அக்குளில் உருட்டிக்கொண்டால் வியர்வையே வராது என்றார். நான் நம்பவில்லை. வியர்வை வராமல் பின்னே எங்கே போகும்?

போனது. எங்கே என்று தெரியவில்லை, போயே போனது. மறுநாள் மதியம் வரை அக்குள் காய்ந்த வெற்றிலை போல் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறை. சும்மா சும்மா கையைத் தூக்கினேன். காலண்டரில் தேதி கிழிக்க, கண்ணாடியின் மேல்விளிம்பைத் துடைக்க, ஓடாத ஃபேனில் ஒட்டடை பார்க்க. ஒரு மாதத்துக்குள் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக என் நாற்காலிக்கு எழுந்து வந்தார்கள். ராகவன் சார் வந்தார். வழக்கம்போல் கன்னத்தை உப்பிக்கொண்டார். காதோரத்தில் நான் வேண்டுமென்றே நேரம் கடத்தினேன். முடியாமல் மூச்சை விட்டார், இழுத்தார், இன்னொரு முறை இழுத்தார், திரும்பிப் பார்த்தார்.

“என்னப்பா, கடையில சாமி படத்துக்கு ஊதுபத்தி மாத்திட்டீங்களா?”

வெள்ளைக் கோட்டு

கூட்டம் சேர்ந்த சந்தோஷத்தில் நடராஜன் அண்ணன் எங்களுக்கு அரைக்கை வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்தார். டாக்டர் மாதிரி இருக்கிறாய் என்றாள் வசந்தி. அந்தப் பெருமை சரியாக நாலு சலவைதான் தாங்கியது. அக்குளில் மட்டும் மஞ்சள் பூத்தது. துவைக்கத் துவைக்க மஞ்சள் கெட்டிப்பட்டது. தேவராஜ் கோட்டைப் பார்த்தேன், பால் போல் இருந்தது. அவனுக்கு வியர்வையே கிடையாதோ என்னவோ, சிலர் பிறவியே அப்படி என்று பொறாமைப்பட்டேன்.

இதற்கு நடுவில் இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். முடி இல்லாத இடத்தில் மருந்து நன்றாகப் பிடிக்கும் என்று நானே கண்டுபிடித்து, காலையில் அக்குளை மழித்த கையோடு உருண்டையை உருட்டினேன். ஆயிரம் பேருக்கு மழித்தவன், மழித்த தோலில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று தெரிந்தவன், தன் தோல் என்றதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். பெருங்களத்தூர் வீட்டுக் கிணற்றடியில் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மச்சானின் குழந்தைகள் கைதட்டினார்கள். அன்று முழுவதும் இரண்டு கையையும் கோழி இறக்கை போல் விரித்துக்கொண்டுதான் முடி வெட்டினேன். தேவராஜ் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரம் கோட்டுகளை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்த கோவிந்தன்தான் கேட்டான். என் கோட்டை மட்டும் தனியாக எடுத்து, அக்குளைத் தட்டிக் காட்டினான். டொக் டொக் என்றது.

“இன்னாண்ணா இது, கோட்டு பூரா துணியா கீது, கம்கட்டுல மட்டும் அட்டையா கீது? பொட்டி வச்சா கருகுது. இன்னாத்த பூசிகினு கீற?”

பாட்டில் தீர்ந்தது

புரட்டாசி பாதியில் பாட்டில் தீர்ந்தது. கவிழ்த்து வைத்தேன். தட்டினேன். உருண்டையைப் பிடுங்கி, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூன்று நாள் ஓட்டினேன். சுலைமான் பாய் துபாய் போய் நாளாகிவிட்டது. அடுத்த லீவு அடுத்த ஆனியில். தீபாவளிக்கோ ஒரு மாதம்கூட இல்லை.

குரோம்பேட்டையில் ஒரு ஃபேன்சி கடையில் மல்லிகை வாசனை ஸ்ப்ரே என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அது வியர்வையை நிறுத்துகிற வகை இல்லை, வெறும் வாசனை என்று எனக்குத் தெரியாது. கால் பாட்டிலை அடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பத்து மணி வரை மல்லிகை. பதினொன்றுக்கு மல்லிகையும் நானும் கலந்துவிட்டோம். அந்தக் கலவைக்குப் பழைய நானே மேல் என்று தோன்றியது. பெஞ்சில் இருந்தவர்கள் மறுபடியும் பேப்பருக்குள் போனார்கள். நடராஜன் அண்ணன் என் பக்கமே பார்க்கவில்லை. வீட்டில் வசந்தி, ஸ்டவ்வுக்குக் கீழே போட ஒரு கடப்பா கல் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். ரசத்தை ஊற்றச் சொன்னேன். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் மாரி அண்ணன்தான் அந்த மல்லிகை நாளில் துணிந்து என் நாற்காலியில் உட்கார்ந்தவர். அவரே நாள் முழுக்க வியர்வையில் குளிப்பவர். அவரும் பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“கோச்சிக்காத தம்பி. கருவாட்டு மேல பூ சுத்தி வச்சா மாதிரி கீது.”

கல்

பஸ் கண்டக்டர் பால்ராஜ் மாதம் ஒருமுறை மதியத்தில் வருவார். முகச் சவரம் முடிந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொள்வார். அக்குள் மழிப்பதும் அந்தக் காலத்தில் எங்கள் வேலைதான். தேவராஜ் சாப்பிடப் போயிருந்ததால் அந்த மாதம் அவர் என்னிடம் அகப்பட்டார். மழித்து முடித்து, படிகாரக் கட்டியை நனைத்து ஒரு தேய்ப்பு தேய்த்தேன். சவரத்தில் கீறல் பட்டால் ரத்தம் நிற்பதற்காக ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு படிகாரக் கட்டி வைத்திருப்போம். கல் என்றுதான் சொல்வோம். “இன்னொரு தபா தேய்” என்றார். தேய்த்தேன். “இன்னும்” என்றார். ரத்தமே வரவில்லையே அண்ணா என்றேன்.

“ரத்தத்துக்கு யாருப்பா கேட்டா? தெனம் கம்பிய புடிச்சிகினு தொங்கறேன். கீழ சீட்ல ஜனங்க குந்திகினு கீறாங்கோ, அதுங்க மூஞ்சிக்கு நேரா என் கம்கட்டு. இந்தக் கல்லத் தேச்சிகினு போனா ஒரு நாத்தமும் கெடையாது. வூட்லயும் ஒண்ணு வச்சிகீறேன், தெனம் குளிச்சிட்டுத் தேச்சிக்குவேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கண்ணாடியில் என் கோட்டின் மஞ்சளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“ஏம்ப்பா, கல்ல நாள் பூரா கையில வச்சிகினு கீற, உனக்கு நான் சொல்லணுமா?”

தேவராஜுக்குத் தெரியும்

அன்று சாயங்காலமே மார்க்கெட்டு நாட்டு மருந்துக் கடையில் எனக்கென்று ஒரு கட்டி வாங்கினேன். மறுநாள் குளித்த ஈரத்தோடு தேய்த்தேன். எரியவில்லை, மணக்கவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை. கடைக்கு வந்து அரைமணியில் வியர்வை கொட்டியது. கோட்டு நனைந்தது. அவ்வளவுதான், இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டு, பின்பக்கம் போய் யாரும் பார்க்காமல் என் அக்குளில் நானே மூக்கை வைத்தேன். வெறும் தண்ணீர். சந்தேகமாக இருந்தது. இன்னொரு முறை வைத்தேன். வெறும் தண்ணீர்தான்.

துபாய் மருந்து வியர்வையையே அடைத்தது. கல் வியர்வையை விட்டுவிட்டு நாற்றத்தை மட்டும் எடுத்தது. முதல் நாலைந்து நாள் இந்த ஈரம் பழகவில்லை. நனைந்தாலே நாறுகிறேன் என்று கையை இடுக்கிக்கொண்டேன். அப்படி மூன்றாவது முறை பின்பக்கம் போய் மோந்துகொண்டிருந்தபோது தேவராஜ் வந்துவிட்டான். மறைக்கப் போன கல்லைப் பார்த்தான். தன் பையைத் திறந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்துக் காட்டினான். உள்ளே தேய்ந்து தேய்ந்து வழுவழுவென்று ஒரு படிகாரக் கட்டி. எத்தனை வருஷமாக என்றேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து என்றான். எனக்குக் கோபம் வந்தது. பாவி, குரோம்பேட்டைக் கடைக்காகத்தானே சொல்லாமல் இருந்தாய் என்று சத்தம் போட்டேன். அவன் சத்தம் போடவில்லை. அவன் கண்ணும் கலங்கியிருந்ததாக எனக்கு ஞாபகம்.

“அந்தக் கடை ஒண்ணு நடுவுல வந்துடுச்சி. அது இல்லாதப்பவே உன் கம்கட்டு நாறுதுன்னு மூஞ்சிக்கு நேரா எப்பிடிடா சொல்றது? சொல்லியிருந்தா என்கூட டீ குடிக்க வந்திருப்பியா?”

அண்ணன் உட்கார்ந்தார்

தீபாவளிக்கு முதல் நாள் பகலில் கடையில் நிற்க இடமில்லை. முதலாளி முடி வெட்டிக்கொள்வதென்றால் எப்போதும் தேவராஜிடம்தான். அன்று கூட்டத்துக்கு நடுவில் தன் கத்திரியை வைத்துவிட்டு, நேராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கழுத்தில் துணியைக் கட்டினேன். இருபது பேர் மூச்சு, ஃபேன் இல்லை, கூரை கொதிக்கிறது. கோட்டு இரண்டு பக்கமும் வட்டமாக நனைந்திருந்தது. அந்த வட்டத்தைக் கண்ணாடியில் அவர் பார்ப்பதை நானும் பார்த்தேன். வசந்தியின் ஸ்டவ் கண்ணுக்குள் வந்து நின்றது.

காதோரம் வந்தேன். அண்ணன் கண்ணை மூடி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு மூச்சு இழுத்தார். கத்திரி நின்றுவிட்டது. இந்தப் பக்கம் வந்தேன், இன்னொரு மூச்சு. தேவராஜ் தன் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டி முடித்தேன். அண்ணன் கழுத்துத் துணியை உதறி எழுந்து, என் கோட்டின் நனைந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நனைஞ்சிகினுதான் கீது. ஆனா ஒண்ணும் இல்ல. வசந்திய பாத்திரத்த மூட்ட கட்டச் சொல்லு.”

பாயின் பெட்டி

அடுத்த ஆனியில் சுலைமான் பாய் குரோம்பேட்டைக் கடையைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் இரண்டு உருண்டைப் பாட்டில். எனக்காக ஞாபகமாக வாங்கி வந்திருந்தார். கல் கதையைச் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிட்டேன். மனுஷர் வருத்தப்படவில்லை. “ஏ.சி. வேலைன்னா குளுகுளுன்னு இருக்கும்னு நினைக்கிறே. மிஷினு மொட்டை மாடியிலதான் இருக்கு. எனக்குக் கொட்டறதை நீ பாக்கணும், இந்த உருண்டை தாங்காது” என்றார். அந்தப் பாட்டிலைக் கொடுத்தவரும் நம் ஜாதிதான், வியர்வை ஜாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னிடம் இருந்த புதுக் கட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, அவர் துபாய்ப் பெட்டியில் வைத்துக்கொள்ளக் கொடுத்தேன். பாட்டில்கள் இரண்டும் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு நின்றன. ஆவணியில் துபாயிலிருந்து கடிதம் வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் ஒரே வரியில் முடிந்துவிட்டது.

“ரூம்ல ஆறு பேர் இருக்கோம், ஜன்னல் ஓரத்துக்கு இப்ப யாரும் சண்டை போடுறதில்ல, வர்றவங்க யார்கிட்டயாவது அஞ்சு கல்லு குடுத்தனுப்பு.”

சானடோரியத்திலிருந்து ஒருவர்

ராகவன் சார் வீட்டிலிருந்து தாம்பரமும் ஒரு ஸ்டேஷன்தான், குரோம்பேட்டையும் ஒரு ஸ்டேஷன்தான். ஆனால் தாம்பரத்தில் அவருக்கு இருபது வருஷப் பழக்கம். இங்கே வர வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார். மேலே வசந்தி மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வாசனை கடைக்குள் வந்தது. வேறு வாசனை எதுவும் இல்லை.

துணியைக் கட்டினேன். உச்சியில் ஆரம்பித்துக் காதோரம் இறங்கினேன். அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பவில்லை. என் கை அவர் முகத்துக்கு நேரே இருந்தது, வழக்கம்போல் நனைந்திருந்தது. இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம் போனபோது தலை மெதுவாகச் சாய்ந்து என் கையில் வந்து நின்றது. லேசாகக் குறட்டை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், என் அக்குளுக்கு அடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. கை மரத்துப் போகிற வரை அப்படியே தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் மீதியை வெட்டி முடித்தேன். ஒருநாளும் இல்லாத சந்தோஷமாக இருந்தது. கடைசியில் பவுடர் பஃப் கழுத்தில் பட்டதும் திடுக்கிட்டு விழித்தார். காதைத் தடவிப் பார்த்தார்.

“சைடு முடிஞ்சிடுச்சா? எப்பப்பா வெட்டின?”

ஊரார் கன்னத்துக்கெல்லாம் பதினோரு வருஷம் படிகாரம் தேய்த்தவனுக்குத் தன் அக்குள் ஞாபகம் வர, புத்தி ஒருமுறை துபாய் வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது.